அத்தை பங்கு போட்ட மாத்திரை

எங்கள் வீட்டில் எது வந்தாலும் இரண்டு பங்கு. என் மாமியாருக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு மருமகள்கள். தீபாவளிக்குப் புடவை எடுத்தால் ஒரே கடையில், ஒரே விலையில் இரண்டு எடுப்பார். சந்தையில் கனகாம்பரம் வாங்கினால் முழம் போட்டு அளந்து சரிபாதியில் அறுப்பார். மீன் குழம்பில் தலைத் துண்டு ஒன்றே ஒன்று மிஞ்சினால் அதை எங்கள் இருவருக்கும் வைக்காமல் பூனைக்குப் போடுவார். இந்த நியாயத்தால் எனக்குக் குழந்தை தள்ளிப் போனது, என் ஓரகத்திக்குக் குழந்தை பிறந்தது. சரியாகச் சொன்னால் அப்படி இல்லைதான். ஆனால் எங்கள் தெருவில் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கும் மனசுக்குள் அப்படித்தான் படுகிறது.

எங்கள் ஊர் சின்னசேலத்துக்குப் பக்கம். மக்காச்சோளமும் மரவள்ளியும் விளைகிற பூமி. அதில் எங்களுக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது. அடுத்தவர் காட்டில் கூலி வேலை. என் வீட்டுக்காரர் மட்டும் போர் வண்டியில் வேலை செய்கிறார். ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போனால் மாசக்கணக்கில் வரமாட்டார். கல்யாணமான இரண்டாம் வருஷம் நான் முழுகாமல் இருந்தேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். மறுபடியும் கூப்பிட்டு, தனி அறையில் உட்காரவைத்து, எச்.ஐ.வி. இருக்கிறது என்றார்கள். அவரையும் வரச்சொல்லிப் பார்த்தார்கள். அவருக்கும் இருந்தது. அது எப்படி வந்தது என்று நான் கேட்டதும் அவர் சொன்னதும் எங்கள் இரண்டு பேரோடு இருக்கட்டும். அந்தச் சண்டையெல்லாம் முடிவதற்குள் மூன்றாம் மாசத்திலேயே கரு தானாகக் கலைந்துவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் ஒரு மாத்திரை. ஒரு நாளும் விடக்கூடாது. ஒரே வீட்டுக்குள், ஒரே அடுப்படியில், யாருக்கும் தெரியாமல் வாழ்நாள் முழுக்க எப்படி மாத்திரை போடுவது? என் வீட்டுக்காரர்தான் வழி கண்டுபிடித்தார். அவருடைய மாத்திரையை வண்டியில் வைத்துக்கொண்டார். என்னுடையதைப் பற்றி அவர் அம்மாவிடம் இப்படிச் சொன்னார்:

“கரு தங்கறதுக்கு டாக்டர் மாத்திர குடுத்துக்கிறாரும்மா. தெனமும் போடணும். உடனே கேக்காது. ரொம்ப நாளு ஆவும்.”

அத்தை அந்த மாத்திரை டப்பாவை என் கையிலிருந்து வாங்கினார். நான் லேபிளை ஏற்கெனவே ஊறவைத்து உரித்திருந்தேன். வெள்ளை டப்பாவின் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு வைத்து, அம்மன் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். அன்றிலிருந்து என் மாத்திரை சாமி மாடத்தில்தான் குடியிருந்தது. மாசா மாசம் நான் சின்னசேலத்தில் சேலம் பஸ் பிடித்துப் போய்ப் புது டப்பா வாங்கி வருவேன். உள்ளூர் ஆஸ்பத்திரியில் தெரிந்த முகம் ஜாஸ்தி என்பதால் அவ்வளவு தூரம். புது டப்பாவுக்கும் அத்தை பொட்டு வைப்பார்.

பொய் நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் அதில் ஒரு தொல்லை இருந்தது. தெருவே எனக்காகக் காத்திருந்தது. “இன்னும் ஒரு புழு பூச்சி இல்லியா? மாத்திர கேக்கலியா?” என்று குழாயடியில் கேட்பார்கள். கேட்கிறவள் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று இருக்கும். எனக்கு வயிறு பற்றி எரியும். குடத்தை நிரப்பாமலே தூக்கிக்கொண்டு வந்த நாள் உண்டு.

எனக்குப் பொறாமை பிறவிக் குணம் இல்லை. நோய் வந்த பிறகுதான் வந்தது. புடவை, நகை, மச்சு வீடு எதைப் பார்த்தாலும் எனக்கு ஒன்றும் ஆகாது. ஒருத்தி மசக்கையில் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினால்தான் ஆகாது. வீங்கின காலை இழுத்து இழுத்து நடக்கிறவளைப் பார்த்தால் அந்தக் கால் எனக்கு வேண்டும் என்று இருக்கும். பிள்ளைத்தாச்சிக்கு பஸ்ஸில் இடம் விடும்போதுகூட எரிச்சலோடுதான் எழுந்திருப்பேன்.

கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் கச்சிராயபாளையம், கல்வராயன் மலை அடிவாரம். வெடுக்கென்று பேசமாட்டாள், வேலைக்கு அஞ்சமாட்டாள். வந்து இரண்டு வருஷமாகியும் அவளுக்கும் ஒன்றும் இல்லை. நான் வெளியே உச்சுக் கொட்டினேன். உள்ளுக்குள் எனக்கு அது பெரிய ஆறுதல். ஒரு வீட்டில் இரண்டு பேரும் வெறும் மடியோடு உட்கார்ந்திருந்தால் யாரும் ஒருத்தியை மட்டும் தனியாகப் பார்க்கமாட்டார்கள் இல்லையா? அந்த இரண்டு வருஷத்தில் அவளைப் போல எனக்குப் பிரியமானவள் வேறு யாரும் இல்லை. அவளுக்குப் பேன் பார்ப்பேன், சோற்றில் கூட ஒரு கரண்டி குழம்பு ஊற்றுவேன்.

அந்தச் சமயத்தில்தான் மாத்திரை வாங்கும் இடத்தில் ஒருத்தியைப் பார்த்தேன். எலவனாசூர்கோட்டைப் பக்கத்துக்காரி. அவளும் என்னைப் போல மாத்திரை போடுகிறவள்தான். மடியில் கொழுகொழுவென்று ஒரு ஆண் குழந்தை. “புள்ளைக்கு மூணு டெஸ்ட்டும் எடுத்தாச்சு. நெகட்டிவ்வு,” என்று வரிசையில் இருந்த எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள், பிள்ளை பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கியது போல. அவளை எனக்குப் பார்த்த கையோடு பிடிக்கவில்லை. அன்றைக்கே டாக்டரம்மாவிடம் போய் நின்றேன்.

“அவளுக்கு ஆவும்னா எனக்கு ஏன் மேடம் ஆவாது?”

ஆகும் என்றார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தால், கர்ப்பத்திலும் மாத்திரையை விடாமல் தொடர்ந்தால், குழந்தைக்குப் போகிற வாய்ப்பு ரொம்பவும் கம்மி என்றார். புருஷனுக்கும் அதே மாதிரி குறைந்திருக்க வேண்டும், அதற்கு முன்னால் அவசரப்படக் கூடாது என்றார். இத்தனை வருஷம் இதை என்னிடம் யாரும் சொல்லவில்லையா, சொல்லியும் என் காதில் ஏறவில்லையா தெரியாது. பஸ்ஸில் வரும்போது ஆத்தூர் தாண்டுகிற வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

என் வீட்டுக்காரர் முதலில் ஒப்பவில்லை. “நம்மளோட போவட்டும். இன்னொரு உசுர ஏன் இழுக்கற?” என்றார். நான் எலவனாசூர்கோட்டைக்காரியின் மகனைப் பற்றி சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தேன். போனில் சொன்னேன், சோறு போடும்போது சொன்னேன். கடைசியில் அவர் சேலத்துக்கு என்னோடு வந்து ரத்தம் கொடுத்தார். அவருக்கு நன்றாகக் குறைந்திருந்தது. “உனக்கும் நல்லா வந்துச்சுன்னா பாக்கலாம்,” என்றார். எனக்கு அது போதும். என் டெஸ்ட்டுக்கு நாள் குறித்தார்கள். அது வரைக்கும் ஒரு வேளை தவறக் கூடாது.

நான் தவறவில்லை. டப்பாதான் தவறியது. மாசம் முடிவதற்கு ஒரு வாரம் இருக்கும்போதே அடி தெரிந்தது. முதல் மாசம் கவுண்டரில் குறைவாகக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த மாசமும் அப்படியே. அப்போது என் வீட்டுக்காரர் ஊரில் இருந்தார். தன்னுடையது தீர்ந்து என்னுடையதிலிருந்து எடுக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். கேட்டால் கோபப்படுவாரே என்று கேட்கவில்லை. எப்படியோ மாத்திரை போட்டால் சரி என்று சந்தோஷம்கூட. தேதி வராமல் சேலம் போனால் வீட்டில் என்ன சாக்கு சொல்வது என்று தெரியாமல் அந்தக் கடைசி நாட்களை மாத்திரை இல்லாமலே ஓட்டினேன்.

டெஸ்ட் ரிசல்ட் வந்தது. வைரஸ் ஏறியிருந்தது. “மாத்திரையை விட்டுட்டு விட்டுட்டுப் போடுறீங்களா?” என்று ஆலோசகர் அம்மா கேட்டார். நான் இல்லை என்று சாதித்தேன். இப்போதைக்குக் குழந்தைப் பேச்சு வேண்டாம், ஒழுங்காகப் போட்டுவிட்டு வாருங்கள், மறுபடி பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றவில்லை. கொல்லையில் ஓரகத்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அத்தை அவள் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

“உன் மாத்திர கேட்டுக்கிச்சுடி!” என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

“வாரத்துல செவ்வா வெள்ளி இவளுக்கும் ஒண்ணு ஒண்ணு குடுத்துக்கினு வந்தன். சாமிகிட்ட வெச்சி கும்புட்டுட்டுதான் குடுத்தன். ஒரு வூட்டுல ரெண்டு மருமவ. ஒருத்திக்கு மட்டும் மருந்துன்னா பாவம் இல்ல? உன்கிட்ட சொன்னா தப்பா நெனைப்பன்னு சொல்லல. உனக்கும் ஆவும், கவலப்படாத. இவளுக்குச் சீக்கிரம் புடிச்சிக்கிச்சு, அவ்ளோதான்.”

என் மாத்திரையை விழுங்கி அவள் முழுகாமல் இருக்கிறாள். அது குறைந்ததால் நான் காத்திருக்கிறேன். மாத்திரைக்கும் அவள் வயிற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அவள் குனிந்து குனிந்து எடுத்த ஒவ்வொரு வாந்தியும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது போலவே இருந்தது.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். அவளுக்கோ வயிற்றில் இருப்பதற்கோ ஏதாவது ஆகுமா என்று கேட்டேன். நோய் உள்ள கர்ப்பிணிகளும் போடுகிற மாத்திரைதான், பயப்பட வேண்டாம், இனிமேல் கொடுக்காதீர்கள், செக்கப்புக்குப் போகச் சொல்லுங்கள் என்றார்கள். டப்பாவை மாடத்திலிருந்து எடுத்து என் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

அங்கேதான் வினை. அத்தைக்குக் கரு தங்க வேண்டும். முந்தி எனக்குக் கலைந்தது போல இவளுக்கும் ஆகிவிடக் கூடாது. செவ்வாய்க்கிழமை மாடத்தைப் பார்த்தார், டப்பா இல்லை. என்னைக் கேட்டார். தீர்ந்துபோச்சு என்றேன். வெள்ளிக்கிழமையும் அதையே சொன்னேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“வவுத்தெரிச்சல் புடிச்சவ,” என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார். “தனக்கு இல்லன்னா அடுத்தவளுக்கும் இருக்கக் கூடாதுன்னு நெனைக்கறா பாரு.”

என்ன சொல்லி மறுப்பது? அவர் சொன்னதில் பாதி நிஜம். எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனால் மாத்திரையை ஒளித்தது அதனால் இல்லை. இதை எப்படிப் பிரித்துச் சொல்வது? உண்மையைச் சொன்னால் நாளைக்கு எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர்.

ஒரு வாரம் கழித்து ஓரகத்தியே என்னைத் தேடி வந்தாள். நான் பம்புசெட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கொழுந்தன் கரியாலூர்ப் பக்கம் போய் அவளுக்கு மலை நெல்லிக்காய் கொண்டுவந்திருந்தான். அதை முந்தானையில் முடிந்துகொண்டு, ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு நின்றாள். எனக்கு யாரும் ஒரு நெல்லிக்காய் கொண்டுவந்ததில்லை.

“அக்கா, இன்னும் ரெண்டு மாசத்துக்கு மட்டும் குடுங்கக்கா. பயமா கீது. உங்க கால்ல வேணும்னாலும் வுழறன்.”

கண்ணில் தண்ணீர் தளும்பிக்கொண்டு நிற்கிறவளிடம் எவ்வளவு நேரம் பொய் சொல்ல முடியும்?

“அது கரு தங்கற மாத்திர இல்ல,” என்றேன்.

“பின்ன இன்னாத்துக்கு?”

சொன்னேன். நோயின் பேரைச் சொன்னேன். நெல்லிக்காய் வாயிலிருந்து விழுந்தது. கை வயிற்றுக்குப் போனது.

“இதுக்கு ஒட்டிக்குமாக்கா?”

“மாத்திர போட்டா நோவு வராது. அது நோவ அடக்கற மாத்திர. ஆஸ்பத்திரில கேட்டுட்டன். இனிமே போடாத, அவ்ளோதான்.”

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப உங்களுக்குப் புள்ள வேணும்னு சொன்னதெல்லாம் சும்மாவாக்கா?”

நோயைச் சொல்லும்போது நிதானமாக இருந்த எனக்கு இதைக் கேட்டதும் பொறுக்கவில்லை. கையிலிருந்த புடவையைக் கல்லில் ஓங்கி அறைந்தேன்.

“சும்மாவா? எனக்கா? நீ முழுங்கனியே, அதுல எனக்கு மாத்திர கொறஞ்சு, ரத்தத்துல ஏறிப்போயி, டாக்டரு இப்ப வாணாம்னு சொல்லிட்டாங்க. இல்லன்னா இந்நேரம் உன்கூட நானும் வாந்தி எடுத்துக்கினு இருந்திருப்பன்!”

அவள் ஈரக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். தெரிந்திருந்தால் வாயில் வைத்திருக்கமாட்டேன் என்று அழுதாள். யாரிடமும் சொல்லாதே என்று கேட்டேன். “என் வவுத்து மேல சத்தியம்க்கா,” என்று வயிற்றைத் தொட்டாள். சத்தியம் பண்ணக்கூட அவளுக்கு ஒரு வயிறு இருந்தது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். நர்ஸம்மா வேறு மாத்திரை கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லி அத்தையை அடக்கினாள். வளைகாப்பு நடந்தது, தாய் வீட்டுக்குப் போனாள், பெண் குழந்தை பிறந்தது. நான் போய்ப் பார்த்தேன். கறுப்பாக, முடி அடர்த்தியாக, என் விரலைப் பிடித்துக்கொண்டு விடாமல் தூங்கியது. திரும்பி வரும்போது ஜன்னல் ஓரத்தில் மலை தெரிகிற வரைக்கும் அந்த விரலை மூடியே வைத்திருந்தேன்.

இதற்கிடையில் என்னுடைய அடுத்த டெஸ்ட்டும் வந்தது. வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது, இனி முயற்சி பண்ணலாம் என்றார் டாக்டரம்மா. என் வீட்டுக்காரர் சொன்ன வார்த்தையை மாற்றவில்லை. வண்டிக்கு லீவு சொல்லிவிட்டு வந்தார். அப்புறம் மாசா மாசம் நாள் தள்ளுகிறதா என்று பார்ப்பேன். தள்ளாது. மற்ற பெண்களைப் போலத்தான் நானும் இப்போது ஏமாறுகிறேன். நோய்க்காரி என்பதால் இல்லை, வெறுமனே ஏமாறுகிறேன்.

ஓரகத்தி குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்ததிலிருந்து ஒன்றைக் கவனித்தேன். நான் உள்ளே நுழைந்தால் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள். பால் கொடுக்கும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கை நீட்டினால் “இப்பதான் தூங்குச்சுக்கா,” என்றாள். முழித்துக்கொண்டிருக்கிற குழந்தை! எனக்குப் புரிந்துபோனது. வாயால் சத்தியம் பண்ணினாலும் மனசு நோயைத்தான் பார்க்கிறது. தொட்டால் ஒட்டும் என்று பயப்படுகிறாள். வெளியில் ஒருத்தி இப்படிச் செய்தால் எனக்கு வலிக்காது. இவள் என் மாத்திரையையே விழுங்கினவள்.

போன வாரம் பொழுது சாய்கிற நேரம். அத்தை கடைக்குப் போயிருந்தார். நான் வாசலைக் கூட்டிவிட்டு உள்ளே வந்தேன். அவள் சட்டென்று குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டு முகத்தைத் திருப்பினாள். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

“தொட்டா வராது, மூச்சு பட்டா வராதுன்னு எத்தினி வாட்டி சொன்னன்? என்னைப் பாத்தா அவ்ளோ அருவருப்பா கீதா உனக்கு?”

அவள் திடுக்கிட்டாள். “ஐயோ, நோவுக்கு இல்லக்கா!”

“பின்ன?”

தலையைக் குனிந்துகொண்டாள்.

“உங்க கண்ணுக்கு.”

“இன்னா?”

“நீங்க புள்ளய பாக்கற பார்வ... அன்னிக்கு நீங்க பாத்துட்டுப் போன பின்னால ராவெல்லாம் பால் குடிக்கலக்கா. எனக்குப் பயமா பூட்டுது. உங்களுக்குத் தெரியாம உங்க கால் மண்ண எடுத்து சுத்திப் போட்டன். கோச்சிக்காதீங்கக்கா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கிருந்து வந்ததென்று தெரியாது, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இத்தனை வருஷம் என் ரத்தத்துக்கு எல்லோரும் பயப்படுவார்கள் என்று பயந்து செத்தேன். இவள் பயந்தது குழந்தை இல்லாத எந்தப் பெண்ணிடமும் பயப்படுகிற சாதாரண பயம். என் கண்ணைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். அதுவும் சரியாகத்தான் பயந்திருக்கிறாள்.

“திருட்டுத்தனமா எடுத்தா வேல செய்யாது,” என்றேன். “வா.”

வாசலுக்குப் போய்ப் புழுதியில் என் வலது காலை அழுத்தி வைத்து எடுத்தேன். குனிந்து அந்த மண்ணைக் கிள்ளி அவள் கையில் போட்டேன். அவள் கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்து வந்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசப்படியில் உட்கார்ந்தாள். சுற்றுவதற்குத் தோதாக யாரும் இல்லை என்பதால் நானே சுற்றினேன். ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு எதுவும் சொல்லவில்லை. என் கண்ணு, என் கண்ணு என்று மட்டும் சொல்லி மூன்று தடவை சுற்றி, கொல்லை அடுப்பில் கொண்டுபோய்ப் போட்டேன்.

திருஷ்டி இல்லையென்றால் மிளகாய் கமறும், தும்மல் வரும். இருந்தால் நெடியே வராது. நாங்கள் இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் கருகிச் சுருண்டது. ஒரு கமறல்கூட இல்லை. குழந்தைகூடத் தும்மவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். “இவ்ளோவாக்கா?”

“இவ்ளோதான்,” என்றேன். “எனக்குன்னு ஒண்ணு வர்ற வரைக்கும் இருக்கும். நாளைக்கும் எடுத்துக்க, மண்ணு.”